பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு நாற்காலி

வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு எங்கள் துறையில் ஒரு செமினார் நடக்கும். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து யாராவது ஒருவர் வந்து தன் ஆய்வைப் பற்றிப் பேசுவார். அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருக்கும். கதவு திறந்தே இருக்கும். முதல் மூன்று செமஸ்டரும் அந்தக் கதவைக் கடந்துதான் நான் விடுதிக்குப் போனேன். அது ஆராய்ச்சி மாணவர்களுக்கு உரியது, இளநிலை மாணவி உள்ளே போய் உட்கார்ந்தால் யாராவது எழுப்பிவிடுவார்கள் என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன்.

நாலாவது செமஸ்டரில் ஒரு நாள் உள்ளே போனேன். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மணி நேரப் பேச்சில் முக்கால்வாசி புரியவில்லை. முடிவில் முன்வரிசையில் இருந்த ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். பேச வந்தவர் சற்று யோசித்துவிட்டு, “தெரியவில்லை. நாங்களும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்” என்றார்.

அதுவரை எந்த வகுப்பிலும் நான் அப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை. பாடத்தில் ஒரு கேள்வி இருந்தால் அதற்கு விடையும் எங்கோ இருக்கும். ஆசிரியருக்குத் தெரியும், புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும், போன வருடத்து அண்ணன்களின் நோட்டில் இருக்கும். அன்றைக்கு அந்த அறையில் கேட்கப்பட்ட கேள்விக்கு உலகத்தில் யாரிடமும் விடை இல்லை. அதைச் சொன்னவர் வெட்கப்படவும் இல்லை. அந்தப் பதிலைக் கேட்ட மகிழ்ச்சியில் அன்று மாலை விடுதிக்கு நேரே போகாமல் வெகுநேரம் நடந்துகொண்டிருந்தேன்.

பட்டப்படிப்புக்கு வெளியே ஒரு மாணவருக்கு என்னென்ன வாய்ப்புகள் இருக்கின்றன என்று என்னைக் கேட்பவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். கோடைகால ஆய்வு, வாசிப்பு வட்டம், போட்டிகள், பரிமாற்றத் திட்டங்கள், திறந்த மூல மென்பொருள் என்று பட்டியல் நீளமானது. ஆனால் அவற்றை அளக்க என்னிடம் ஓர் அளவுகோல்தான் உண்டு. விடை தெரியாத ஒரு கேள்விக்கும், அதோடு மல்லுக்கட்டும் ஒரு மனிதருக்கும் பக்கத்தில் அது என்னைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறதா? அப்படியானால் அதற்காக ஒரு விடுமுறையைக் கொடுக்கலாம். இல்லையென்றால் அது எவ்வளவு பெரிய பெயரோடு வந்தாலும் இன்னொரு பாடம்தான்.

திறந்திருக்கும் ஒரு கதவு ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு வானியலாளர் செசிலியா பெய்னின் கதையைப் போல் எனக்குப் பிடித்தது வேறில்லை. 1919ஆம் ஆண்டு மே மாதம் முழுச் சூரிய கிரகணம். வானியலாளர் ஆர்தர் எடிங்டன் ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள பிரின்சிபி தீவுக்குப் போய், சூரியனுக்கு அருகே தெரியும் விண்மீன்களின் ஒளி வளைகிறதா என்று படமெடுத்துவந்தார். டிசம்பரில் கேம்பிரிட்ஜில் அதைப் பற்றிப் பேசினார். நியூன்ஹாம் கல்லூரி மாணவிகளுக்குச் சில நுழைவுச்சீட்டுகள்தான் கிடைத்தன. ஒரு தோழியால் போக முடியாமல் போகவே, அவளுடைய சீட்டு பெய்னுக்கு வந்தது. அப்போது அவர் தாவரவியலில் ஆர்வம் கொண்டு படித்துக்கொண்டிருந்த மாணவி. பேச்சைக் கேட்டு அறைக்குத் திரும்பியதும் அது முழுவதையும் ஏறக்குறைய வார்த்தை மாறாமல் எழுதிவைத்தார். பிறகு இயற்பியலுக்கு மாறினார்.

அதோடு நிற்கவில்லை. வானாய்வகம் பொதுமக்களுக்குத் திறந்திருந்த ஓர் இரவில் போய்க் கேள்விமேல் கேள்வி கேட்டார். கடைசியில் எடிங்டனையே சந்தித்து, நான் வானியலாளர் ஆக வேண்டும் என்று நேராகச் சொன்னார். வானாய்வகத்தின் நூலகத்தைப் பயன்படுத்திக்கொள்ள அவருக்கு அனுமதி கிடைத்தது. 1925இல் பெய்ன் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடுதான் விண்மீன்களில் ஹைட்ரஜன் மிகப் பெரும்பகுதி என்று கணக்கிட்டுக் காட்டியது. விண்மீன்களும் பூமியைப் போன்ற கலவையால் ஆனவை என்று பெரியவர்கள் நம்பியிருந்த காலம் அது. அன்றைய பெரிய வானியலாளர்களில் ஒருவரான ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் அந்த முடிவு சாத்தியமே இல்லை என்று அவரிடம் சொன்னார். நாலு வருடம் கழித்து வேறு வழியில் ரஸ்ஸலும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

இந்தக் கதையில் அந்த நுழைவுச்சீட்டைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் அறைக்குத் திரும்பி உட்கார்ந்து எழுதியதும், பிறகு போய்க் கேட்டதும்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். செமினார்களுக்குத் தொடர்ந்து போக ஆரம்பித்த பிறகு, அந்தக் கோடையில் ஓர் ஆய்வகத்தில் எட்டு வாரம் வேலை செய்ய இடம் கிடைத்தது. வேதியியல் ஆய்வகம். எனக்குக் கொடுத்த வேலை தங்க நுண்துகள்கள் தயாரிப்பது. செய்முறை மிகப் பழையது, 1951இலேயே எழுதிவைத்தது. தங்க உப்புக் கரைசலைக் கொதிக்கவிட்டு, அதில் சோடியம் சிட்ரேட்டைச் சேர்க்க வேண்டும். வெளிர்மஞ்சள் கரைசல் முதலில் நிறமிழக்கும், அப்புறம் கறுத்து, கடைசியில் நல்ல செந்நிறத்துக்கு வரும். அரை மணி நேர வேலை என்று சொன்னார்கள்.

எனக்கு ஊதாதான் வந்தது. மறுநாளும் ஊதா. அடுத்த நாள் நீலமாகி, குடுவையின் அடியில் கறுப்பாகப் படிந்தது. நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நிறம் நீலத்தின் பக்கம் போகும் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். ஏன் ஒட்டிக்கொள்கின்றன என்றுதான் தெரியவில்லை. வகுப்பு ஆய்வகமாக இருந்தால் பக்கத்து மேசைக்காரியின் அளவுகளைப் பார்த்து எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். இங்கே பக்கத்து மேசையில் அதைச் செய்தவர்கள் யாரும் இல்லை.

எனக்கு வழிகாட்டியது ஒரு முனைவர் பட்ட மாணவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் விடையைச் சொல்லவில்லை. “நேற்று செய்ததற்கும் இன்று செய்ததற்கும் என்ன வித்தியாசம்? நோட்டில் எழுதியிருக்கிறாயா?” என்று மட்டும் கேட்டார். நான் எழுதியிருக்கவில்லை. எந்தக் குடுவை, யார் கழுவியது, எந்தப் புட்டியின் தண்ணீர், எவ்வளவு வேகமாகக் கிளறினேன், ஒன்றும் நோட்டில் இல்லை. அன்று முதல் எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தேன். இரண்டு வாரம் கழித்துப் பக்கங்களைப் புரட்டியபோது ஒன்று தென்பட்டது. புதிய குடுவை எடுத்த இரண்டு நாளிலும் நிறம் சற்று சிவப்பை நெருங்கியிருந்தது. பழைய குடுவைகளைத் தங்கத்தையும் கரைக்கும் அமிலக் கலவையான ராஜ திராவகத்தில் கழுவ வேண்டும் என்று அதற்கப்புறம்தான் எனக்கே உறைத்தது. முந்தைய சோதனைகளின் மிச்சம் கண்ணுக்குத் தெரியாமல் கண்ணாடியில் ஒட்டியிருந்திருக்கிறது. அக்காவின் மேற்பார்வையில், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, புகைபோக்கிக்குக் கீழே வைத்துக் கழுவினோம். மறுநாள் காலை குடுவையில் செக்கச்செவேல் என்று ஒரு நிறம் வந்தது. நான் கத்தியே விட்டேன்.

அறிவியலுக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை. அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. ஆனால் ஒரு தவறை அதன் வேர்வரை போய்ப் பிடிப்பது எப்படி என்பதை நான் அந்தக் கோடையில் கற்றேன். ஆறு செமஸ்டர் மதிப்பெண் பட்டியலில் அதற்கு ஒரு வரி கிடையாது. இன்றைக்கும் என் வேலையில் ஏதாவது ஒன்று புரியாதபோது முதலில் நோட்டைத்தான் திறக்கிறேன்.

இளநிலை மாணவர்களை உண்மையான ஆய்வில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது ஒரு காலத்தில் துணிச்சலான யோசனையாக இருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1969இல் மார்கரெட் மக்விக்கார் என்ற இளம் இயற்பியலாளர் அதற்கென்று ஒரு திட்டத்தைத் தொடங்கினார். மாணவர்கள் பேராசிரியரின் ஆய்வுக் குழுவில் சேர்ந்து வேலை செய்வார்கள். அதற்குப் பதிலாகப் பாடப் புள்ளியோ சம்பளமோ பெறுவார்கள். இந்தச் சம்பளம் என்ற சொல்லை நான் வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன்.

ஏனென்றால், விடுமுறையில் சம்பாதித்தால்தான் அடுத்த செமஸ்டர் கட்டணம் கட்ட முடியும் என்ற நிலையில் இருக்கும் மாணவரிடம் எட்டு வாரம் இலவசமாக வேலை செய், அனுபவம் கிடைக்கும் என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. என் தோழி ஒருத்தி அப்படி ஒரு நிறுவனத்தில் இரண்டு மாதம் இன்டர்ன்ஷிப் செய்தாள். காலையிலிருந்து மாலை வரை பழைய ரசீதுகளின் எண்களைக் கணினியில் ஏற்றினாள். அவளிடம் ஒரு கேள்வியைக்கூட யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்க வழியில்லை. கடைசி நாளில் ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். கோடைகால ஆய்வுக்கு உதவித்தொகை தரும் திட்டங்கள் நிறைய இருக்கின்றன. விண்ணப்பிக்கும்போது பணம் தருவீர்களா, தங்குமிடம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். அதில் கூச்சப்பட எதுவும் இல்லை. பெரிய திட்டங்களின் கடைசித் தேதிகள் பெரும்பாலும் கோடைக்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும். இதைத் தெரியாமல் போவதால்தான் தகுதி உள்ள பலரும் தவறவிடுகிறார்கள்.

திட்டம் எதிலும் சேராமல் நேராகப் பேராசிரியருக்கே எழுதவும் செய்யலாம். எனக்கு இடம் கிடைத்தது அப்படித்தான். இப்போது நானும் அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதால் வரும் மின்னஞ்சல்களைப் பார்க்கிறேன். பெரும்பாலானவை ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பியவை. “தங்களின் மதிப்புமிக்க ஆய்வில் மிகுந்த ஆர்வம் கொண்டுள்ளேன்” என்று தொடங்கும். எந்த ஆய்வு என்று இருக்காது. பதில் எழுத முடியாமல் போகிறதே என்று எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் எழுதியவருக்கு உண்மையில் ஆர்வம் இருக்கலாம். ஒரே ஒரு கட்டுரையைப் படியுங்கள். முழுவதும் புரிய வேண்டாம். புரியாத இடத்தில் ஒரு விரலை வைத்து, இங்கே ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேளுங்கள். எத்தனை வாரம் வர முடியும், என்னென்ன தெரியும் என்பதை நாலு வரியில் சொல்லுங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் இன்னொரு முறை எழுதலாம். அதன் பிறகும் வராவிட்டால் அந்தக் குழுவின் முனைவர் பட்ட மாணவர்களுக்கு எழுதிப் பாருங்கள். மேசையில் வேலையைக் கற்றுக்கொடுக்கப் போகிறவர்கள் எப்படியும் அவர்கள்தான்.

ஆய்வகம் என்று திரும்பத் திரும்பச் சொல்வதால் இது அறிவியல் மாணவர்களுக்கு மட்டும் என்று தோன்றிவிடக்கூடாது. வரலாறும் இலக்கியமும் படிப்பவர்களுக்கு ஆவணக் காப்பகம் இருக்கிறது. யாரும் பிரிக்காத கடிதக் கட்டுகளைப் பட்டியலிட ஆள் தேவைப்படாத காப்பகம் உலகத்தில் இருக்க முடியாது. சட்ட மாணவர்களுக்கு மாதிரி நீதிமன்றப் போட்டிகள் உண்டு. பன்னாட்டுச் சட்டத்துக்கான ஜெஸ்ஸப் போட்டி 1960இல் தொடங்கியது. அதில் ஒவ்வொரு குழுவும் ஒரே வழக்கின் இரண்டு பக்கத்துக்கும் வாதாடத் தயாராக வேண்டும். காலையில் தான் நிலைநாட்டிய வாதத்தைத் தானே உடைக்க வேண்டி வரும் மாணவருக்கு அந்த வழக்கு புரிவதுபோல் வேறு எவருக்கும் புரியாது.

போட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வட அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் எழுதும் புட்னம் கணிதப் போட்டி 1938இல் தொடங்கியது. ஆறு மணி நேரத்தில் 12 கணக்குகள், மொத்தம் 120 மதிப்பெண். பல ஆண்டுகளில் இடைநிலை மதிப்பெண் பூஜ்யம் அல்லது ஒன்று. அதாவது கணக்கில் கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுத்துப் போய் உட்காருகிறவர்களில் பாதிப் பேர் ஏறக்குறைய ஒன்றும் வாங்காமல் எழுந்து வருகிறார்கள். அப்படியும் அடுத்த ஆண்டு வருகிறார்கள். ஒரே கணக்கோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பதன் சுகம் பழகிவிட்டால் அதை விடுவது கடினம். பரிசுக்காகவே போட்டிக்குப் போகிறவர்களுக்கு அந்தச் சுகம் கிடைப்பதில்லை என்பது என் எண்ணம்.

பைசா செலவில்லாத, அனுமதி கேட்க வேண்டாத ஒன்று வாசிப்பு வட்டம். மூன்று பேர் போதும். 1902இல் பெர்ன் நகரத்தில், இயற்பியல் சொல்லித்தருகிறேன் என்று ஐன்ஸ்டைன் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருந்தார். அதைப் பார்த்து வந்த மாணவர் மாரிஸ் சோலோவின். அவர் படித்துக்கொண்டிருந்தது தத்துவம். பாடம் சொல்லித்தருவது சீக்கிரமே நின்று, இருவரும் பேச ஆரம்பித்தார்கள். கொன்ராட் ஹாபிக்ட் என்ற நண்பரும் சேர்ந்துகொண்டார். மாலை வேளைகளில் கூடி ஹியூம், மாக், பொயன்காரே போன்ற சிந்தனையாளர்களையெல்லாம் படித்தார்கள். ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு நாள் கணக்கில் வாதாடியதும் உண்டு. இயற்பியலும் தத்துவமும் ஒரே மேசையில் உட்கார்ந்தது அந்த வட்டத்தின் பலம் என்று நினைக்கிறேன். ஒரே துறைக்காரர்கள் மட்டும் கூடினால், எல்லோருக்கும் புரியாத இடத்தை எல்லோரும் புரிந்ததுபோல் தாண்டிப் போய்விடுவோம். வேற்றுத் துறை நண்பர் ஒருவர் இருந்தால் “இது எனக்கு விளங்கவில்லை” என்று நிறுத்துவார். எங்கள் வட்டத்தில் அந்த வேலையைச் செய்தவன் பொருளியல் படித்த ஒரு நண்பன். அவனால்தான் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி எனக்குப் புரியவில்லை என்பதே எனக்குத் தெரிந்தது. ஒரு சின்ன விதி வைத்திருந்தோம்: வாரம் பத்துப் பக்கத்துக்கு மேல் கிடையாது. வட்டங்கள் கலைவது பெரும்பாலும் முதல் வாரமே ஒரு முழு அத்தியாயத்தை எடுத்துக்கொள்வதால்தான்.

வேறு துறையின் வகுப்பில் போய் உட்காருவதும் அப்படியே. பதிவு செய்யாமல், தேர்வு எழுதாமல், ஆசிரியரிடம் கேட்டுவிட்டுக் கேட்க மட்டும் போகலாம். நான் கேட்ட எந்த ஆசிரியரும் மறுத்ததில்லை. சில சமயம் அழைப்பு எதிர்ப்பக்கத்திலிருந்தும் வரும். பார்பரா மக்ளின்டாக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவியாக மரபியல் பாடம் ஒன்றை எடுத்தார். அவருடைய ஆர்வத்தைக் கவனித்த ஆசிரியர் 1922 ஜனவரியில் தொலைபேசியில் அழைத்து, முதுநிலை மாணவர்களுக்கான மரபியல் வகுப்பில் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்றார். குரோமோசோமில் மரபணுக்கள் இடம்பெயரும் என்று கண்டறிந்ததற்காக 1983இல் நோபல் பரிசு பெற்றபோது, தன் வழியை முடிவுசெய்தது அந்தத் தொலைபேசி அழைப்புதான் என்று அவர் நினைவுகூர்ந்தார்.

இணையத்தில் கிடைப்பவற்றைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கலவையான எண்ணம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை இலவசமாக வெளியிடப்போவதாக 2001இல் அறிவித்து, அடுத்த ஆண்டு 50 பாடங்களோடு தொடங்கியது. கில்பர்ட் ஸ்ட்ராங்கின் நேரியல் இயற்கணித வகுப்புகளை நான் பார்த்தது அங்கேதான். சான்றிதழ் எதுவும் கிடையாது, கற்றது மட்டும் மிச்சம். இப்போது நிலைமை வேறு. ஒரு செமஸ்டரில் பதினைந்து சான்றிதழ் வாங்கிய மாணவர்களைப் பார்க்கிறேன். அதில் ஏதாவது ஒன்றைப் பற்றிக் கேட்டால் பெயரைத் தவிர எதுவும் நினைவில் இருப்பதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பயோடேட்டாவை நிரப்பு என்று அவர்களை எல்லோரும் துரத்துகிறார்கள். ஆனால் அந்தப் பதினைந்துக்குச் செலவான மாலை நேரங்களை ஒன்றிலேயே போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து மனம் பதைக்கிறது.

இணையம் வழியாக உண்மையான கேள்விக்குப் பக்கத்தில் போகவும் முடியும். 2007 ஜூலையில் தொடங்கிய கேலக்ஸி ஜூ திட்டம் ஏறக்குறைய பத்து லட்சம் விண்மீன் மண்டலங்களின் படங்களை வகைப்படுத்திக் கொடுக்கும்படி பொதுமக்களைக் கேட்டது. அடுத்த மாதமே, நெதர்லாந்தின் பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்கல் ஒரு படத்தில் நீலத் திட்டு ஒன்றைப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். வானியலாளர்களுக்கும் தெரியவில்லை. பெரிய தொலைநோக்கிகளை அதன் பக்கம் திருப்பினார்கள். பொருள் என்ற அர்த்தம் தரும் டச்சுச் சொல்லைச் சேர்த்து ‘ஹன்னியின் வூர்வெர்ப்’ என்று பெயரும் வைத்தார்கள். அவர் செய்தது கேட்டதுதான். அந்தப் படத்தை வகைப்படுத்திவிட்டு, கேட்காமலே அடுத்ததற்குப் போயிருக்கலாம்.

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு, நிரலை யாரும் பார்த்துத் திருத்த அனுமதிக்கும் திறந்த மூல மென்பொருள் இதேபோல ஒரு வாசல். கூகுள் 2005 முதல் கோடைதோறும் அதற்கு உதவித்தொகையும் வழிகாட்டியும் தரும் திட்டத்தை நடத்துகிறது. அதற்கு முன்பே சின்னதாகத் தொடங்கலாம். ஆவணத்தில் ஒரு பிழையைத் திருத்துவது, ஒரு பிழையறிக்கையை உங்கள் கணினியில் மறுபடி நிகழ்த்திக் காட்டுவது. நீங்கள் அனுப்பும் மாற்றத்தை முகம் தெரியாத ஒருவர் வரிவரியாகப் படித்து, இது ஏன் என்று கேட்பார். அப்படி ஒருவர் நம் வேலையைப் படிப்பது எவ்வளவு பெரிய கொடை என்று, மதிப்பெண் மட்டும் போட்டுத் திருப்பித் தரப்பட்ட தாள்களையே பார்த்துப் பழகிய மாணவருக்குத்தான் தெரியும்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். உண்மைதான். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் என் நண்பர்களிலும் இருந்தார்கள். அவர்களுக்கு எட்டு வாரம் என்பது எட்டாத பேச்சு. வாரத்தில் ஒரு மணி நேரம் இருந்தால் செமினாருக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். அதற்கு விண்ணப்பம் இல்லை, கட்டணம் இல்லை. பாதியில் எழுந்து போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஒன்றை மட்டும் செய்யுங்கள். அறைக்குத் திரும்பியதும் நினைவிருப்பதை அரைப் பக்கம் எழுதிவையுங்கள். என் முதல் அரைப் பக்கங்களில் பாதிக்குமேல் கேள்விக்குறிகள்தான். எட்டு வாரத்துக்கு யாரிடம் எழுதிக் கேட்கலாம் என்பது எனக்கு அந்தப் பக்கங்களிலிருந்துதான் தெரிந்தது.

போன மாதம் ஓர் இரண்டாம் ஆண்டு மாணவியிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆறே வரிகள். நான் எழுதிய ஒரு கட்டுரையின் மூன்றாவது வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டும் கோட்டிலிருந்து தள்ளி நிற்கிறதே, அது ஏன் என்று கேட்டிருந்தாள். அந்தப் புள்ளியை நானும் என் மாணவர்களும் எத்தனையோ முறை பார்த்துவிட்டு, அளவீட்டில் ஏதோ தவறு என்று விட்டிருந்தோம். பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். தவறு எதுவும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது என்று பதில் எழுதினேன். திங்கட்கிழமையிலிருந்து ஆய்வகத்துக்கு வருகிறாள்.